பிடித்த நஞ்சுக்குப் போக்கிடம் எது?

(பொன்னமராவதியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்கு அழைத்தவர்கள் என்னிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார்கள். வேதியியல் பேசுங்கள், ஆனால் ஊரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு விளங்கும்படி பேசுங்கள் என்றார்கள். நானும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்தான். ஆகவே என் அப்பத்தாவிடமிருந்தே தொடங்குகிறேன்.

மழை பெய்து வரத்துக்கால் வழியே புதுத்தண்ணீர் வந்ததும் ஊரணி செம்மண் கரைந்த நிறத்தில் கிடக்கும். அப்பத்தா மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை நாலு சுற்று உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார். விடிந்து பார்த்தால் மேலே தெளிந்த நீரும் அடியில் விரல்கனத்துக்கு வண்டலும் இருக்கும். நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எல்லாம் ஒரே வகை மின்னூட்டம் உடையவை. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கீழே இறங்காமல் நிற்கும். கொட்டையிலிருந்து கரையும் பசைப்பொருள் அவற்றைக் கோத்துக் கட்டியாக்கும். கட்டியானது கனத்து இறங்கும். இந்த விளக்கமெல்லாம் நான் பின்னாளில் படித்தது. அன்று நான் கேட்டது வேறு. "அந்தச் சேத்த என்ன அப்பத்தா பண்ணுவீக?" என்றேன். "வாழை மூட்டுல ஊத்து அய்யா, மண்ணுல இருந்து வந்தது மண்ணுக்கே போகட்டும்" என்றார்.

தண்ணீரைச் சுத்தம் செய்வது என்றால் அதில் இரண்டு வேலை உண்டு. வேண்டாததைப் பிரிப்பது ஒன்று. பிரித்ததை ஓரிடத்தில் சேர்ப்பது மற்றொன்று. அப்பத்தாவுக்கு இரண்டாவது வேலை எளிதாக இருந்தது. நமக்கு அது எளிதாக இல்லை. இன்றைய பேச்சு முழுவதும் அந்த இரண்டாவது வேலையைப் பற்றியதுதான்.

அதற்குப் பூச்சிக்கொல்லியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நம் பக்கத்தில் யாரும் அதை அந்தப் பெயரால் சொல்வதில்லை. ‘மருந்து’ என்கிறோம். ‘கத்திரிக்கு மருந்து அடிச்சாச்சா?’ என்று கேட்கிறோம். ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டால் ‘மருந்தைக் குடிச்சிருச்சாம்’ என்றும் அதே சொல்லால் சொல்கிறோம். காய்ச்சலுக்கு வாங்குவதும் மருந்து, உரக்கடையில் வாங்குவதும் மருந்து. இந்தச் சொல் எத்தனை பேரை அஜாக்கிரதையாக இருக்க வைத்தது என்று எண்ணிப்பார்க்கிறேன். மருந்து என்று பெயர் வைத்த ஒன்றின் டப்பாவைக் கண்மாய்க் கரையில் கழுவ எந்தக் கைக்கும் கூச்சம் வராது.

எவ்வளவு மருந்து சேர்ந்தால் தண்ணீர் கெடும்? ஒரு கணக்குப் போடுவோம். 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம் உள்ள ஓர் ஊரணியை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க நிறைந்தால் ஒரு கோடி லிட்டர். எண்டோசல்பானுக்கு இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு) வைத்த வரம்பு லிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம். ஒரு கோடி லிட்டருக்கு அது 4 கிராம். எண்டோசல்பான் விற்பனையில் இருந்த காலத்தில் 35 சதவீதக் குழம்பாக வந்தது. 10 லிட்டர் தெளிப்பான் டேங்குக்கு 20 மில்லி ஊற்றுவார்கள். அதில் நஞ்சு மட்டும் ஏறத்தாழ 7 கிராம். ஒரு டேங்கை அப்படியே கவிழ்த்துவிட்டால் ஓர் ஊரணி முழுதும் வரம்பைத் தாண்டிவிடும்.

யாரும் முழு டேங்கைக் கவிழ்க்க மாட்டார்கள் என்பீர்கள். சரி. அடித்து முடித்தபின் டேங்கின் அடியிலும் குழாயிலும் அரை லிட்டர் தங்கும். அதில் 0.35 கிராம் இருக்கும். பன்னிரண்டு பேர் தங்கள் டேங்கை அந்தக் கரையில் அலசினால் 4.2 கிராம் ஆகிவிடும். ஒரு பகுதி சேற்றில் ஒட்டும், ஒரு பகுதி வெயிலில் சிதையும், அதையெல்லாம் நான் கழிக்கவில்லை. இந்த வட்டாரத்து ஊரணி எதிலும் இவ்வளவு இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. அளக்காமல் யாரும் சொல்லவும் கூடாது. அளவின் சிறுமை உங்கள் மனத்தில் பதிய வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். தேத்தாங்கொட்டை உரசினால் இது இறங்காது. தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும்போதே இது உள்ளே இருக்கும்.

கரைந்து ஒளிந்திருக்கும் இதைப் பிடிக்க மனிதன் முதலில் கண்ட கருவி கரி. தேங்காய்ச் சிரட்டையைக் காற்றில்லாமல் சுட்டு, பிறகு நீராவியை மிக உயர்ந்த வெப்பத்தில் செலுத்தினால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும். அந்தத் துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரு கிராம் கரிக்கு ஆயிரம் சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் கால் ஏக்கர்! ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர் நிலம் மடித்து வைத்திருக்கிறது. கரைந்த நஞ்சின் மூலக்கூறு அந்தச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல உடலுக்குள் இழுப்பதில்லை, மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது. இதைத்தான் நம் பள்ளிப் பாடநூல் பரப்புக் கவர்தல் என்கிறது. நீரோடு அதிகம் சேராத, எண்ணெய்த்தன்மை உள்ள பூச்சிக்கொல்லிகளுக்குத் தண்ணீரில் இருப்பதைவிடக் கரிச்சுவரில் இருப்பது உகந்தது. அதனால் தாமே ஒட்டுகின்றன. கிளைபோசேட் போல நீரோடு நன்றாகக் கலந்துவிடும் களைக்கொல்லிகளைக் கரி அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பாராகுவாட்டைக் களிமண் நன்றாகப் பிடிக்கும். எல்லா நஞ்சுக்கும் ஒரே பிடிப்பான் என்பது விளம்பரத்தில்தான் உண்டு.

கரியின் இன்னொரு வேலையையும் இந்த ஊரில் பலர் பார்த்திருப்பீர்கள். மருந்து குடித்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் கறுப்பான கரைசலைக் குடிக்கவைப்பார்கள் அல்லது குழாய் வழியே உள்ளே செலுத்துவார்கள். அதுவும் செறிவூட்டிய இதே கரிதான். இலங்கையில் பூச்சிக்கொல்லியோ அலரி விதையோ உட்கொண்டு வந்தவர்களிடையே இதை மிகப் பெரிய அளவில் சோதித்தார்கள். 4,600க்கும் மேற்பட்ட நோயாளிகள். 2008இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கரி கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. படித்த அன்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஆனால் அதே இலங்கையில் 1995இல் கொடிய நச்சுவகைப் பூச்சிக்கொல்லிகளையும் 1998இல் எண்டோசல்பானையும் தடுத்த பிறகு தற்கொலைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. உள்ளே போன பின் பிடிப்பதற்கும் போகாமல் தடுப்பதற்கும் உள்ள தூரம் அது.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 2003 பிப்ரவரியில் தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் புட்டித் தண்ணீரில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. ஆகஸ்டில் குளிர்பானங்களைப் பற்றியும் வந்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு சரத் பவார் தலைமையில் அமைந்தது. 2004இல் அந்தக் குழுவும் எச்சம் இருந்ததை உறுதிசெய்தது. பிப்ரவரி அறிக்கையையொட்டிப் புட்டித் தண்ணீருக்கு ஒரு பூச்சிக்கொல்லிக்கு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், எல்லாம் சேர்த்து 0.5 என்று ஐரோப்பிய அளவில் வரம்பு வந்தது. குழாய்த் தண்ணீருக்கோ குளோர்பைரிபாஸ் 30 மைக்ரோகிராம் வரை, மாலத்தியான் 190 வரை போகலாம் என்று இன்றும் இருக்கிறது. ஒன்று முன்னெச்சரிக்கைக் கோடு, மற்றது உடல்நலக் கணக்குக் கோடு என்று விளக்கம் உண்டு. அந்த விளக்கத்தை நான் அறிவேன். ஆனாலும் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு ஒரு கோடும் குடத்தோடு வரிசையில் நிற்கிறவருக்கு முந்நூறு மடங்கு தள்ளி இன்னொரு கோடும் இருப்பதை என் மனம் ஏற்கவில்லை.

அதே 2003இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பும் அவருடைய மாணவர் ஸ்ரீகுமாரன் நாயரும் ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெள்ளியை மிக நுண்ணிய துகளாக்கினால், மொத்த வெள்ளி செய்யாத வேலையை அது செய்கிறது என்பது அதன் சாரம். கார்பனும் குளோரினும் சேர்ந்த சேர்மம் அந்தத் துகளைத் தொட்டால் குளோரின் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி குளோரைடு ஆகிறது, மிச்சம் கரியாகிறது. கார்பன் டெட்ரா குளோரைடை வைத்து இதைக் காட்டினார்கள். நாலு வெள்ளி அணு, ஒரு மூலக்கூறு, முடிவில் உப்பும் கரியும். கேட்கும்போதே எனக்கு அப்பத்தாவின் வாழைமூடு நினைவுக்கு வந்தது. இங்கே நஞ்சு ஒட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை, உடைந்துபோகிறது.

தனித்த நுண்துகளைத் தண்ணீரில் விட்டால் அது அடித்துப்போய்க் குடிக்கிறவர் வயிற்றில் சேரும். அதனால் ஒரு தாங்கி வேண்டும். அலுமினா மணிகளிலும் கரியிலும் வெள்ளித் துகளைப் பதித்தார்கள். இப்படி இரண்டு பொருள் சேர்ந்து, தனித்தனியே செய்ய முடியாததைச் செய்வதுதான் கலப்புப் பொருள். சம்மட்டியும் பிடியும் போல என்று வகுப்பில் சொல்வேன். 2007இல் யுரேகா போர்ப்ஸ் நிறுவனத்தின் வீட்டு வடிகட்டியில் இந்தத் தொழில்நுட்பம் சந்தைக்கு வந்தது. ஆய்வகத்துக் குடுவையில் பிறந்த ஒன்று நாலே ஆண்டில் அடுக்களைக்கு வந்தது சிறிய காரியமில்லை.

இங்கே ஒரு நேர்மையான அடிக்குறிப்பு உண்டு. அதையும் அதே ஆய்வுக்குழுவே எழுதியது. குளோர்பைரிபாஸ் வெள்ளித்துகளில் உடையும்போது என்னாகிறது என்று துருவிப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். மூலக்கூறு இரண்டாக முறிகிறது. ஒரு துண்டு டிரைகுளோரோபிரிடினால், இன்னொன்று தயோபாஸ்பேட். பூச்சியின் நரம்பை முடக்கும் வலு போய்விடுகிறது. ஆனால் டிரைகுளோரோபிரிடினால் ஒன்றுமில்லாத பொருளல்ல. அதையும் எங்கேனும் பிடித்து வைக்க வேண்டும். ‘உடைத்தோம்’ என்ற சொல்லுக்குப் பின்னும் அப்பத்தாவிடம் கேட்ட கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

இதன் பிறகு கிராபீன் காலம் வந்தது. கார்பன் அணுக்கள் ஒற்றையடுக்காய்ப் பரவிய தாள் அது. 2013இல் இதே ஐ.ஐ.டி. குழு ஒரு கிராம் கிராபீன் சார்ந்த பொருள் ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் குளோர்பைரிபாஸையும் 1,100 மில்லிகிராம் எண்டோசல்பானையும் பிடிப்பதாகக் காட்டியது. தன் எடையைவிட அதிகமான எடை! எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஆய்வு. வீட்டுச் சீனியையும் மணலையும் எடுத்து, மணல்மேல் சீனியைப் பூசிச் சுட்டு, கிராபீன் படிந்த மணலாக்கினார்கள். அது கிராமுக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம்தான் பிடித்தது. ஆனால் சீனியும் மணலும் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும் பொருள்.

மாணவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தாளில் உள்ள இந்த எண்களைப் பார்த்து மயங்காதீர்கள். ஆய்வகத்தில் வடித்த நீரில் மில்லிகிராம் கணக்கில் நஞ்சைக் கலந்து சோதிப்பது வழக்கம். நம் தண்ணீரில் அது மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும். நஞ்சு எவ்வளவுக்கு நீர்த்திருக்கிறதோ அவ்வளவுக்குப் பிடிப்பானும் குறைவாகவே பிடிக்கும். அதோடு, ஊரணித் தண்ணீரில் இலைச்சாறும் மட்கின் சாயமும் பூச்சிக்கொல்லியைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கும். கால் ஏக்கரில் பெரும்பங்கை அவை முதலில் போய்ப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, கரி நிரம்பியதை யாரும் கண்ணால் அறிய முடியாது. தண்ணீர் அதே வேகத்தில், அதே தெளிவோடு வந்துகொண்டிருக்கும். நிரம்பிய கரியில் சுத்தமான தண்ணீரை ஓட்டினால் பிடித்ததைத் திருப்பி விடவும் செய்யும். மாற்ற வேண்டிய நாளில் மாற்றாத வடிகட்டி, நஞ்சைச் சேர்த்து வைத்துப் பிறகு வழங்கும் பெட்டி.

சில மாதங்களுக்கு முன் இங்கே பக்கத்து ஊரில் மகளிர் குழுவொன்றில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் குழாயில் சிரட்டைக் கரியை அடைத்து, சாயநீரை ஊற்றி, கீழே நிறமற்று வருவதைக் காட்டினேன். எல்லாரும் வியந்தார்கள். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா மட்டும் எழுந்து, "அது சரிங்க சார், அந்தக் கரி தீந்துபோனா அதை எங்க கொட்டுவீக?" என்று கேட்டார். அறுபது ஆண்டுக்கு முன் நான் கேட்ட கேள்வி திரும்பி வந்து என்முன் நின்றது. முறையான பதிலைச் சொன்னேன். குளோரின் உள்ள நஞ்சைப் பிடித்த கரியை அடுப்பில் போட்டு எரிக்கவே கூடாது. குறைந்த வெப்பத்தில் எரிந்தால் டையாக்சின் என்னும் இன்னும் கொடிய நஞ்சு உண்டாகலாம். கடும் வெப்பம் உள்ள உலையில்தான் எரிக்க வேண்டும், இல்லையென்றால் அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். கும்மிடிப்பூண்டியில் கிடங்கு இருக்கிறது என்றேன். "கும்மிடிப்பூண்டியா?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. இங்கிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஊர் அது.

கும்மிடிப்பூண்டி போன்ற கிடங்குக்குப் போய்ச் சேராத நஞ்சு எப்படிக் கிடக்கும் என்பதைக் கேரளத்தின் காசர்கோடு காட்டியது. அங்கே அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். ஓடைகளிலும் சுரங்கக் கிணறுகளிலும் அது இறங்கியது. தலைமுறை தாண்டிப் பிள்ளைகள் ஊனத்தோடு பிறந்தார்கள் என்று அந்த மக்கள் கதறினார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுதும் தடைவிதித்தது. தெளிப்பது நின்று பல ஆண்டுகளுக்குப் பின்னும் மிச்சமிருந்த பீப்பாய்கள் கிடங்குகளிலேயே கிடந்தன. 2012இல்தான் அவற்றைக் கசியாத கலங்களுக்கு மாற்றினார்கள். மாற்றினார்கள் என்றுதான் சொல்கிறேன், அழித்தார்கள் என்று சொல்லவில்லை. நம் மாவட்டத்திலும் முந்திரி உண்டு. அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் முந்திரி வறுக்கும் பெண்களின் முகம் எனக்கு வந்துபோகும்.

அந்த அம்மாவுக்கு அன்று என்னால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய கணக்கையே திரும்பப் பார்த்தேன். ஊரணியில் ஒரு கோடி லிட்டரில் பரவிய 4 கிராமைப் பிடிக்க நாம் பாடுபடுகிறோம். அதே 4 கிராம் சற்றுமுன்பு பன்னிரண்டு டேங்குகளின் அடியில், ஆறு லிட்டரில் இருந்தது. அங்கே அது செறிவாக இருக்கிறது. பிடிப்பானும் அங்கேதான் நன்றாக வேலை செய்யும். அப்படியென்றால் பிடிப்பானை வைக்க வேண்டிய இடம் அடுக்களை இல்லை, வரப்போரம்.

இதைச் சுவீடன் விவசாயிகள் 1990களின் தொடக்கத்திலேயே செய்துவிட்டார்கள். தெளிப்பான் நிரப்பும், கழுவும் இடத்தில் ஒரு குழி. அடியில் பத்து சென்டிமீட்டர் களிமண். அதன்மேல் அரை மீட்டருக்கு ஒரு கலவை: பாதி வைக்கோல், கால்பங்கு கரிச்சதுப்புநில மட்கு, கால்பங்கு மண். மேலே புல். உயிர்ப்படுகை என்று தமிழில் சொல்லலாம். களிமண் கீழே போகாமல் தடுக்கிறது; மட்கு நஞ்சைப் பிடிக்கிறது. வைக்கோல் செய்யும் வேலைதான் பெரிது. வைக்கோலின் லிக்னினைத் தின்னும் வெண்பூஞ்சைகள் அதில் வளர்கின்றன. லிக்னின் எளிதில் உடையாத கடினப் பொருள். அதை உடைக்க அந்தப் பூஞ்சை சுரக்கும் நொதி, பக்கத்தில் பிடிபட்டு நிற்கும் பூச்சிக்கொல்லியையும் சேர்த்து உடைக்கிறது. வைக்கோல் மட்கி இறங்க இறங்க ஆண்டுக்கொருமுறை மேலே கலவை சேர்ப்பார்கள். சில ஆண்டு கழித்து முழுவதையும் எடுத்து, ஓராண்டு தனியே மட்கவிட்டு, நிலத்தில் பரப்புவார்கள். பிடித்ததைச் செரிக்கவும் தெரிந்த கலப்புப் பொருள் அது. வெள்ளியும் கிராபீனும் கற்றவன் நான். இருந்தும் இந்தக் குழியின் முன் தலைவணங்குகிறேன்.

சுவீடனின் சதுப்புநில மட்கு நமக்கில்லை. ஆனால் தென்னை நார்க்கழிவு இருக்கிறது. அதைச் சிப்பிக்காளான் வித்திட்டு மட்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறது. சிப்பிக்காளானும் அந்த வெண்பூஞ்சைக் குடும்பத்ததே. நம் வெயிலில் குழி காய்ந்துவிடாமல் ஈரம் காக்க வேண்டும், ஐப்பசி மழையில் நிரம்பி வழியாமல் கூரை போட வேண்டும். செம்மண்ணுக்கு எந்தப் பங்கு ஏற்றது என்பதையும் நாம்தான் பார்க்க வேண்டும். வாயு வண்ணப்பகுப்புக் கருவியில் மண்ணையும் கசிவுநீரையும் அளந்து பார்க்காமல் வெற்றி என்று யாரும் சொல்லக் கூடாது. மாணவர்களிடம் இந்த ஓர் ஒழுக்கத்தைத்தான் ஆயுள் முழுக்க நான் கேட்டுவந்திருக்கிறேன்.

இதே மாவட்டத்து ஒடுகம்பட்டியில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா கொழுஞ்சிப் பண்ணையில் மருந்தே இல்லாமல் பயிர் எழுப்பிக் காட்டியதை நான் மறக்கவில்லை. அந்த வழிக்கு எல்லாரும் வரும்வரை டேங்குகள் எங்கேயோ கழுவப்படும். அவை எங்கே கழுவப்படுகின்றன என்பதை மாற்ற நமக்கு யார் அனுமதியும் தேவையில்லை.

அந்த அம்மாவிடம் போன மாதம் திரும்பப் போய் உயிர்ப்படுகையைப் பற்றிச் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் தள்ளி, மேட்டுப்பாங்காக ஒரு மூலையைக் காட்டினார். "இங்க வெட்டிக்கங்க சார், அந்தப் பக்கம் ஆடு வராம நான் வேலி கட்டிர்றேன்" என்றார். வைக்கோலும் நார்க்கழிவும் வந்து இறங்கிவிட்டன. அடியில் மெழுகக் களிமண் வேண்டும். அதற்குத்தான் கண்மாய் வற்றக் காத்திருக்கிறோம்.